வசந்தம் வரைக்கும் மட்டும்

அத்தியாயம் பதினொன்று

துறைமுகக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் காலியான வீட்டுக்கு விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து ஸ்டூரே சரியாகத் தூங்கவில்லை. மகனுக்கும் மருமகளுக்கும் அது தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டே அறை உள்ள வீட்டில், கூடத்து சோபாவில் படுக்கிற மனிதர் புரண்டு படுத்தால் யாருக்குத்தான் தெரியாது?

வெள்ளிக்கிழமை காலை. ஜன்னலுக்கு வெளியே பிப்ரவரி இருட்டு இன்னும் விலகவில்லை. ஸ்டூரே சமையலறை மேசைமேல் போர்வையை விரித்து நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

இல்வா காப்பிக் கோப்பையை வைக்க இடம் தேடினாள். "என்ன மாமா, கல்யாணத்துக்கா கிளம்பறீங்க?"

"நாலு மணிக்குச் சேதி வரும்ல. பனியனோட உட்கார்ந்தா அதை வாங்கறது?"

"ஃபோன்லதானே வரும்."

"வந்த உடனே குன்வோர்கிட்டப் போய்ச் சொல்லணும். அவ சட்டைக் காலரை முதல்ல பார்ப்பா, அப்புறம்தான் மூஞ்சியைப் பார்ப்பா."

குன்வோர், ஒரு காலத்தில் தீவுகளுக்குப் போகும் படகில் சமையல்காரியாக இருந்தவள். இப்போது காலியாகியிருப்பது அவளுடைய எதிர் வீடு. இரண்டு கதவுக்கும் நடுவில் நான்கு எட்டு வைத்தால் போதும் என்று ஸ்டூரே ஏற்கனவே நடந்து பார்த்துவிட்டு வந்திருந்தார்.

மனைவி இங்கேர் இறந்த குளிர்காலத்தில் 'ரெண்டு வாரம் இருந்துட்டுப் போறேன்' என்று மகன் வீட்டுக்கு வந்தவர் அவர். பழைய வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. நகரக் குடியிருப்பு நிறுவனத்தின் வரிசையில் அவர் பெயர் இங்கேர் காலத்திலிருந்தே நிற்கிறது. மோர்விக் மாதிரி சிறிய ஊரில் அவருக்கு முன்னால் நிற்க ஆளே இருக்க முடியாது. ஆனாலும் மூத்தோருக்கான வீடு ஒவ்வொன்றாக வேறு யாருக்கோ போய்க்கொண்டே இருந்தது. நான்கு வருடம் ஓடிவிட்டது.

இல்வா அந்த நிறுவனத்தில்தான் வேலை செய்கிறாள். சொந்தக்காரர்களின் விண்ணப்பத்தை ஊழியர்கள் திறந்து பார்க்கக் கூடாது என்பது அங்கே விதி. அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

மகன் ஹென்னிங் பனியன் தலைக்கு மேல் இருக்க, கையைத் துழாவிக்கொண்டே வந்தான். "இன்னைக்கு என்ன வேலை உனக்கு?"

"நேத்து சொன்னேனே. புது மென்பொருளுக்கு மாறறோம். மூத்தோர் வீட்டுக்குப் பழைய குறியீடு இருக்குல்ல, அது எந்தெந்த புரொசீஜர்ல இருக்குன்னு தேடி எடுக்கணும்."

"வழக்கமான தேடல்ல போட்டுப் பாரு. சீக்கிரம் முடிஞ்சுடும்."

"அது பாதிதான் படிக்கும்னு நீதானே எனக்குச் சொல்லிக்குடுத்த?"

ஹென்னிங் பனியனைக் கீழே இழுத்தான். அவன் முகம் வெளியே வந்தபோது அதில் ஒன்றும் இல்லை. "ஆமா. சும்மா சொன்னேன். நீ எதுக்கு மெனக்கெடணும்னு."

ஸ்டூரே சட்டையைத் திருப்பிப் போட்டு முதுகுப் பக்கத்தைத் தேய்க்கத் தொடங்கினார்.

*

திருமணத்துக்கு முன்பிருந்தே ஹென்னிங்கும் இல்வாவும் ஒரே அறையில் வேலை பார்த்தவர்கள். அவன் பிறகு பேருந்து நிறுவனத்துக்குப் போய்விட்டான். அவள் இங்கேயே இருந்துவிட்டாள். அதனால் பழைய டேட்டாபேஸைப் பற்றி முழுதாகத் தெரிந்தவர் என்று நிறுவனத்தில் அவள் ஒருத்திதான் மிச்சம்.

அட்டவணைகளில் கிடக்கும் தகவலில் ஒரு சொல்லைத் தேடுவது பெரிய காரியமில்லை. டேட்டாபேஸுக்கு உள்ளேயே எழுதி வைத்த விதிகள் இருக்கின்றனவே, யார் முன்னால், யார் பின்னால், எந்த வீடு யாருக்கு என்று தீர்மானிக்கிற புரொசீஜர்கள், அவற்றின் வரிகளுக்குள் தேடுவது வேறு வேலை. பலர் எழுதி, பலர் ஒட்டுப்போட்டு, எழுதியவர்களே வேலையை விட்டுப் போய்விட்ட வரிகள் அவை.

வழக்கமான தேடலில் ஒரு கோளாறு உண்டு. நீளமான புரொசீஜராக இருந்தால் முன்பகுதியை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். 'கிடைக்கவில்லை' என்று அது சொன்னால், இல்லை என்று அர்த்தமில்லை. அதற்கு மேல் படிக்கவில்லை என்று அர்த்தம்.

இல்வா முழுதும் படிக்கிற தேடலை எழுதி ஓடவிட்டாள். காப்பி எடுத்து வந்தாள். திரையில் பெயர்கள் விழுந்திருந்தன. எல்லாம் தெரிந்த பெயர்கள். வாடகைக் கணக்கு, காத்திருப்போர் கடிதம், ஆண்டறிக்கை. ஒன்றொன்றாகத் திறந்து, குறியீடு இருக்கும் வரியைக் குறித்துக்கொண்டே வந்தாள்.

வாராந்திர ஒதுக்கீட்டு புரொசீஜரும் அதில் இருந்தது. எல்லாவற்றிலும் நீளமானது அதுதான். ஒவ்வொரு வெள்ளியும் நான்கு மணிக்குத் தானாக ஓடி, வீடுகளைப் பிரித்துக் கொடுப்பது அது. குறியீடு முன்பகுதியில் வருவது அவளுக்குத் தெரியும். ஆனால் இரண்டாவதாக ஒரு இடத்தையும் காட்டியது. அடியில், முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே.

போய்ப் பார்த்தாள்.

மூத்தோர் குடியிருப்பாக இருந்தால், இந்த எண்ணுள்ள விண்ணப்பதாரரைச் சேர்க்காதே. அவ்வளவுதான் விதி. ஒரே வரி. அதன் தலைமேல் கணினி கண்டுகொள்ளாத ஒரு குறிப்பு, மனிதர் படிப்பதற்காக எழுதியது: 'தற்காலிகம். வசந்தம் வரைக்கும் மட்டும்.'

எண்ணைப் படித்தாள். மறுபடி படித்தாள். ஸ்டூரே வாய்ப்பாடு மாதிரி சொல்லும் எண் அது. போன வாரம் விண்ணப்பம் போடும்போது அவருடைய ஃபோனில் அவளே தட்டிக் கொடுத்தாள். அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார்.

யார் எழுதியது என்று பெயர் இல்லை. தேவையும் இல்லை. காற்புள்ளியை வரியின் கடைசியில் வைக்காமல் அடுத்த வரியின் தொடக்கத்தில் வைக்கிற ஆள் அந்த அறையில் ஒருவன்தான் இருந்தான். அதற்காகவே முதல் வாரம் அவனோடு சண்டை போட்டாள். அந்தச் சண்டையில்தான் அவனைப் பிடித்துப்போனது.

காப்பிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டாள். அது ஆறியிருந்தது.

வரியை அழிக்க அவளுக்கு அனுமதி உண்டு. ஒரு விசை போதும். நான்கு மணிக்குக் கணினி ஓடும்போது ஸ்டூரே வரிசையின் தலையில் நிற்பார். நீலச் சட்டையில் போய்க் குன்வோரின் கதவைத் தட்டுவார்.

ஆனால் புரொசீஜரைத் தொட்டால், தொட்ட தேதி அதிலேயே பதியும். மாமனாருக்கு வீடு கிடைத்த அதே நாளில் மருமகள் ஒதுக்கீட்டு விதியைத் திருத்தியிருக்கிறாள் என்று அது சொல்லும்.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பெர்னில்லாவின் அறை காலியாக இருந்தது. பெர்னில்லா அவளுடைய மேலதிகாரி. மாலை வரை நகரசபைக் கூட்டம். இல்வா கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, படிக்கட்டில் இறங்கியபடியே ஹென்னிங்கை அழைத்தாள்.

"ஒதுக்கீட்டு புரொசீஜரோட அடியில இருக்கறதைப் பார்த்துட்டேன்."

மறுமுனையில் பேருந்து ஒன்று பின்னால் நகரும் ஓசை மட்டும் கேட்டது.

"மீன் துறைமுகம் பக்கம் வந்துடறேன்" என்றான் கடைசியில்.

*

காருக்குள் ஈரக் கம்பளி வாசம். கண்ணாடியில் விழுந்த பனி உருகி வழிந்துகொண்டிருந்தது. ஹென்னிங் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை, வண்டி ஓடிக்கொண்டிருப்பது மாதிரி.

"மார்ச்ல எடுத்துடலாம்னுதான் போட்டேன்" என்றான். "மார்ச் வந்துது. ஈஸ்டர் போகட்டும்னு நினைச்சேன். அப்புறம் இந்த வேலை கிடைச்சுது. கடைசி நாள் காலைல எடுத்துடலாம்னு போய் உட்கார்றேன், என் பாஸ்வேர்டை முந்தின நாளே மூடிட்டாங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"பெர்னில்லாகிட்ட போயிருப்பேன்."

"அதான் சொல்லல."

இல்வா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கரையில் யாரோ ஒருவர் படகின் தார்ப்பாயிலிருந்து பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"நாலு வருஷம், ஹென்னிங். நான் குளியலறைல இருக்கேனான்னு தெரிஞ்சுக்க அவர் வெளியே நின்னு இருமுவார். கடல் வானிலை கேட்கறதுக்கு ரேடியோவைக் காதுல ஒட்டி வெச்சுக்குவார், எனக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதாம். சத்தமா வெச்சாக் கூடப் பரவாயில்ல, அப்படி வெச்சுக் கேட்கறதைப் பார்த்தா எனக்குக் கத்தணும் போல இருக்கும். இந்த மனுஷன் எப்போடா போவார்னு நினைக்கறது, அப்புறம் அப்படி நினைச்சுட்டமேன்னு அவருக்கு மீன் வாங்கிட்டு வர்றது. என்னை நானே எவ்வளவு கேவலமா நினைச்சிருக்கேன் தெரியுமா? அவரும் போகத்தான் துடிச்சிட்டிருக்கார். நீ ரெண்டு பேரையும் பார்த்துட்டே சாப்பிட்டிருக்க."

"அவர் தனியா இருக்கக் கூடாதுன்னு நினைச்சேன்."

"எழுபத்தாறு வயசு மனுஷன் எங்க இருக்கணும்னு நீ தீர்மானிப்பியா?"

"அவர் அன்னைக்கு வழுக்கி விழல, இல்வா."

அந்த நாளைப் பற்றி வீட்டில் எப்போதும் 'மாமா வழுக்கி விழுந்த நாள்' என்றுதான் பேச்சு. இங்கேர் இறந்து சில வாரங்கள் கழித்து, வளைகுடாவில் உறைந்த நீரின்மேல் நடந்து போனவர் பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுந்தார். சொட்டச் சொட்டக் கரைக்கு வந்து சேர்ந்தவரை யாரோ பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். மருத்துவமனையிலிருந்து நேராக மகன் வீட்டு சோபாவுக்கு வந்தவர்தான்.

"கப்பலுக்கு வழிகாட்டற பைலட் படகுல இன்ஜின் பார்த்தவர். வேலை செஞ்ச காலம் பூரா அந்த வளைகுடாவுலதான் கிடந்தார்" என்றான் ஹென்னிங். "எங்க பனிக்கட்டி மெல்லிசா இருக்கும்னு ஊர்லயே அவருக்குத்தான் நல்லாத் தெரியும். அவர் எப்படி வழுக்கி விழுவார்? அதைக் கேட்க எனக்குத் தைரியமில்ல. அவர் பேர் வரிசைல மேல வந்துட்டிருக்கறதைப் பார்த்தேன். அடுத்த வாரமே தனி வீடு, கதவைச் சாத்திக்கிட்டா யாருக்கும் எதுவும் தெரியாது. அன்னைக்கு மத்தியானம் போட்டேன் அந்த வரியை."

இல்வாவின் கோபம் குறையவில்லை. ஆனால் அதை வைக்கத் தோதான இடம் இல்லாமல் போய்விட்டது.

ஹென்னிங் முதல்முறையாக அவள் பக்கம் திரும்பினான். "எடுத்துடு. ஒரே வரி. குன்வோர் எதிர் வீட்டுல இருக்கா, இனிமே எனக்குப் பயமில்ல. நாலு மணிக்கு அவருக்கு நியாயமா வரவேண்டியது வந்துடும். யாருக்கு நஷ்டம்?"

"நான் திருத்தின தேதி அதுல நிக்கும்."

"யார் பார்க்கப் போறாங்க?"

"நான் பார்த்தேனே. இன்னைக்கு."

"சரி, அப்போ விட்டுடு. ஒண்ணும் பார்க்காத மாதிரி இரு. புது மென்பொருள் வந்தா தானாப் போயிடும்."

"இன்னைக்கு நாலு மணிக்கு அவரைத் தாண்டிட்டுப் போறது நீ இல்ல, நான். தெரிஞ்சே." அவள் கார்க் கதவின் பிடியில் கை வைத்தாள். "நான் பெர்னில்லாவுக்கு எழுதப் போறேன். முழுசா. நீ வீட்டுக்குப் போய் மாமாகிட்ட நீயே சொல்லு."

"வேலை போயிடும் எனக்கு. போலீஸ் கேஸ் கூட ஆகும். உனக்கும்தான் போகும், புருஷனைக் காட்டிக்கொடுத்தவள்னு யாரும் மெச்சப் போறதில்ல."

"தெரியும்."

"இல்வா."

அவள் இறங்கிக் கதவைச் சாத்தினாள். சேறான பனியில் நடந்தபோது, அவன் பின்னாலேயே வந்து இன்னொரு வார்த்தை சொல்லிவிட்டால் திரும்பிவிடுவோமோ என்று பயமாக இருந்தது. அவன் வரவில்லை.

*

கடிதத்தை நாலு தடவை எழுதி அழித்தாள். நீளமாக எழுதினால் மன்னிப்புக் கேட்பது மாதிரி இருந்தது. சுருக்கமாக எழுதினால் திருடி மாதிரி இருந்தது. கடைசியில், தேடலின் விடையை அப்படியே வைத்து, அந்த வரியைச் சுட்டி, எண் யாருடையது, வரி யார் எழுதியது என்று மட்டும் சேர்த்து அனுப்பினாள்.

பெர்னில்லா கூட்டத்திலிருந்தே அழைத்தாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "பார்த்தேன். இன்னைக்கு ஒதுக்கீட்டை நிறுத்தச் சொல்லிட்டேன், யாருக்கும் எதுவும் போகாது. நீ எதையும் தொடாத. கம்ப்யூட்டரை அப்படியே விட்டுட்டு வீட்டுக்குப் போ."

"அவருக்கு அந்த வீடு..."

"இப்போ வீட்டைப் பத்திப் பேசாத, இல்வா."

*

அவள் கதவைத் திறந்தபோது மசாலாவில் வதங்கும் கறி வாசம் வந்தது. வெள்ளிக்கிழமை என்றால் அந்த வீட்டில் சோள ரொட்டியில் கறியை மடித்துத் தின்னும் டாக்கோதான். ஹென்னிங் அவளுக்கு முன்பே வந்து வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே இன்னும் சொல்லவில்லை என்று தெரிந்தது.

ஸ்டூரே நீலச் சட்டையில், தலையைப் படிய வாரி, மேசையருகே உட்கார்ந்திருந்தார். எதிரில் ஃபோன்.

"ரெண்டு பேரும் சீக்கிரம் வந்துட்டீங்க" என்றார். "என்ன, கூடவே நின்னு பார்க்கணுமா?"

இல்வா காலணிகளைக் கழற்றினாள். கழற்றிய பிறகும் குனிந்தே நின்றாள்.

ஃபோன் ஒலித்தது. ஸ்டூரே கண்ணாடியை மாட்டிப் படித்தார். உதடுகள் மெல்ல அசைந்தன.

"இந்த வார ஒதுக்கீடு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளதாம்." அவர் கண்ணாடிக்கு மேலே மருமகளைப் பார்த்தார். "எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும், மாமா."

"அப்போ சரி. மிஷின் ரிப்பேரா?"

இல்வா ஹென்னிங்கைப் பார்த்தாள். அவன் கத்தியை வைத்தான். கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அப்பா, அது நான் பண்ணின வேலை."

"எது?"

"நாலு வருஷமா உங்களுக்கு வீடு வராதது. உங்க நம்பரைத் தாண்டிப் போகச் சொல்லி நான்தான் எழுதி வெச்சேன். அங்க வேலை பார்த்தப்போ."

கறி அடிப்பிடிக்கும் வாசம் வந்தது. யாரும் அடுப்பை அணைக்கவில்லை. பிறகு ஸ்டூரேதான் எழுந்து போய் அணைத்தார். அடுப்புக்கு முன்னால், அவர்களுக்கு முதுகு காட்டியபடி நின்றார்.

"போன வருஷம் அந்தச் சர்ச் பக்கத்து வீடு?"

"ம்."

"அதுக்கு முந்தி பால்கனி வெச்ச வீடு? நான் நாற்காலி கூட வாங்கி வெச்சேனே. அதுவுமா?"

"அதுவும்தான்."

"நான் நினைச்சேன்..." ஸ்டூரே நிறுத்தினார். "வயசானவன், ஒருவேளை என்னைப் பத்தி யாரோ ஏதோ தப்பா எழுதிப் போட்டிருக்காங்கன்னு நினைச்சேன். அந்த மருத்துவமனைச் சமாச்சாரத்தை வெச்சு. யார்கிட்டயும் கேட்க வெட்கமா இருந்துது."

"அதை வெச்சுத்தான்பா எழுதினேன்." ஹென்னிங் கையிலிருந்த துணியை மேசைமேல் போட்டான். "நீங்க ஏன் அந்தப் பனிக்கட்டிமேல போனீங்க? சொல்லுங்க. வழுக்கினேன்னு சொல்லாதீங்க."

ஸ்டூரே திரும்பினார். இல்வா அவர் கண்களைப் பார்க்க முடியாமல் சட்டைக் காலரைப் பார்த்தாள். சரியாகத் தேய்த்திருந்தார்.

"வழுக்கல" என்றார்.

ஹென்னிங் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"எங்க உடையும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போனேன். உங்கம்மா இல்லாத வீட்டுல கெட்டில் கொதிக்கிற சத்தத்தைக் கேட்க முடியல. போனேன், உடைஞ்சுது, உள்ளே விழுந்தேன். நீ நினைச்சது சரிதான்டா."

"அப்போ நான் செஞ்சது..."

"இரு. முழுசாக் கேளு. நடுக்கடல் இல்லைன்னாலும் அந்தத் தண்ணிலேர்ந்து ஒருத்தன் சும்மா வெளிய வர முடியாது. கையில ரத்தம் வர, கட்டியை உடைச்சு உடைச்சுக் கரை வரைக்கும் வந்தேன். யாரும் கை குடுக்கல. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவன் வந்தப்போ நான் பாறைமேல உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனதும் நான், ஏறி வந்ததும் நான். நீ மொதல் பாதியை மட்டும் வெச்சுக்கிட்டு நாலு வருஷம் எனக்குக் காவல் இருந்திருக்க."

ஹென்னிங் அழுதான். சத்தமில்லாமல், வாயைத் திறந்தபடி. ஸ்டூரே அவனருகே போகவில்லை. போகவேண்டும் என்று அவர் கை ஒருமுறை எழுந்ததை இல்வா கவனித்தாள். அதை அவர் கோட்டு மாட்டும் கொக்கியை நோக்கித் திருப்பிக்கொண்டார்.

"எங்க போறீங்க, மாமா?"

"குன்வோர் வீட்டுக்கு. அவ சோபாவும் இதே நீளம்தான்." பையில் ரேடியோவைப் போட்டார், பல் துலக்கும் பிரஷைப் போட்டார். "இல்வா, நீயாம்மா கண்டுபிடிச்ச?"

"ஆமா."

"மேல சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"இப்போ எனக்கு வீடு வேணும்னா நான் இவன்மேல புகார் எழுதிக் குடுக்கணும். அப்படித்தானே?"

அவள் அதைப் பற்றி யோசித்திருக்கவில்லை. யோசித்தபோது, ஆமாம் என்றுதான் பட்டது. அவள் முகத்தைப் பார்த்து ஸ்டூரே தலையசைத்தார்.

ஹென்னிங் முன்னால் போய்க் கதவை மறித்துக்கொண்டு நின்றான். "இருட்டிடுச்சுப்பா. நான் கொண்டு வந்து விடறேன்."

"வழி விடு."

"பஸ் நிறுத்தம் வரைக்குமாவது."

"ஹென்னிங், வழி விடுடா."

பிறகு ஹென்னிங் விலகினான். படியில் அவர் காலடி ஓசை ஒரே சீராக இறங்கிப் போயிற்று. எத்தனையோ நாட்களாக அந்த வீட்டில் அவர் அவ்வளவு சத்தமாக நடந்ததில்லை.

ஹென்னிங் ஜன்னலுக்கு ஓடினான். தெருவிளக்கின் கீழே கறுப்புக் கோட்டு கடந்து, நிறுத்தத்தில் போய் நின்றது. பேருந்து வரும்வரை அவன் நெற்றியைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

இல்வாவின் ஃபோன் அடித்தது. பெர்னில்லா.

"ஒரு விஷயம் கேட்கணும். நீ தேடினது காலைல பதிவாகியிருக்கு. எனக்கு மெயில் வந்தது மத்தியானத்துக்கு மேல. நடுவுல என்ன பண்ணின?"

"ஹென்னிங்கைப் பார்க்கப் போனேன்."

பெர்னில்லா எதையோ எழுதிக்கொள்வது தெரிந்தது.

"ஒரே வீட்டுல இருக்கீங்க. ஒரே இடத்துல வேலை பார்த்திருக்கீங்க. உனக்கு இது இன்னைக்குத்தான் தெரியும்கறியா?"

"இன்னைக்குக் காலைலதான் தெரியும்."

ஒரு எழுத்து கூடப் பொய்யில்லை. அவள் காதுக்கே அது பொய் மாதிரிதான் கேட்டது.

"சரி. திங்கட்கிழமை வக்கீல் வர்றார். நீ தனியா வரணும். அது வரைக்கும் ஹென்னிங்கோட இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினீங்கன்னு தெரிஞ்சா, ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணினதாத்தான் எடுத்துக்குவாங்க. புரியுதா?"

"நாங்க ஒரே வீட்டுல இருக்கோம், பெர்னில்லா."

"தெரியும். அதனாலதான் சொல்றேன்."

ஃபோன் அணைந்தது. இரண்டு அறை. ஒரு சமையலறை. சோபாவில் ஸ்டூரே மடித்து வைத்த போர்வை.

ஜன்னலிலிருந்து ஹென்னிங் திரும்பினான். கண்கள் சிவந்திருந்தன. "என்ன சொன்னா?"

இல்வா மேசைப் பக்கம் போனாள். அதில் மூன்று தட்டுகள் இருந்தன. ஒன்றை எடுத்து அலமாரியில் வைத்தாள். மற்ற இரண்டையும் பார்த்தபடி, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றாள்.

"இல்வா, என்னதான் சொன்னா? சொல்லேன்."